‘ஆளைத் தெரியும்’

பொலிஸ் அல்லாத ஒருவன் தன்னைப் பொலிஸ் என்று சொல்லி ஒரு வீட்டைச் சோதனையிட முற்பட்டால், அவன் ஒரு சதத்தைத்தானும் எடுக்காவிட்டாலும் குற்றவாளியே. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி அது தனிக் குற்றம். எதையும் எடுக்காதவனை ஏன் தண்டிக்க வேண்டும்? அந்த உத்தியோகத்துக்கு மட்டுமே நாம் திறந்துவிடும் கதவை அவன் பொய்யால் திறப்பித்தான். வெறும் உடுப்பல்ல, ஏமாற்றும் எண்ணமே அங்கு குற்றம். நாட்டுக்கூத்திலே சேவகனாக வருபவரை எவரும் நீதிமன்றுக்கு இழுப்பதில்லை.

போலிப் பொலிஸ்காரன் தனியே வரலாம். ஆனால் எமது குடாநாட்டில் இன்று அதிகம் பேசப்படும் ஆள்மாறாட்டம் தனி ஒருவரால் ஆகக்கூடியதன்று. 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் அதற்கு முன்னும் பின்னும் எம்மவர் வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சிதறினார்கள். காணிகள் இங்கேயே கிடந்தன. சொந்தக்காரர் அங்கிருக்க, அவர் பெயரில் வேறொருவர் இங்கு அமர்ந்து கையொப்பமிட்டு உறுதி முடித்த வழக்குகள் நீதிமன்றங்களுக்கு வந்துள்ளன.

அந்தக் கதிரையில் அவரை இருத்தியது யார்? 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, கையொப்பமிடுபவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் சாட்சிகள் இருவராவது அறிந்திருக்க வேண்டும். அறிய வேண்டியது அடையாள அட்டையை அன்று, ஆளை. கண் மங்கிய ஈசாக்கு ஆட்டுத்தோலைத் தடவி ஏமாந்தார். ஆளைத் தெரியாத நொத்தாரிசுக்குச் சாட்சியே கண்.

“ஒரு கையெழுத்துத்தானே, அண்ணை” என்று பழகிய தரகர் கேட்கிறார். மறுத்தால் முகமுறிவு. போய் ஒப்பமிடுகிறோம். மோசடி பின்னர் வெளிவந்தால், “எனக்கொன்றும் தெரியாது, ஐந்து சதமும் வாங்கவில்லை” என்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒன்றும் தெரியாமைதானே குற்றச்சாட்டு! தெரியாத ஆளைத் தெரியுமென்று எழுதிக் கொடுத்த அந்த ஐந்து நிமிடமும் அவர் வகித்தது, தமக்குத் தகுதியில்லாத ஓர் உத்தியோகம். போலிப் பொலிஸ்காரன் சட்டையால் செய்ததை இவர் பேனையால் செய்தார். பணம் வாங்காதது அவருடைய தண்டனையைக் குறைக்கலாம், செயலை வேறொன்றாக்கிவிடாது.

“எனக்கு இவரைத் தெரியாது, தம்பி” என்று சொல்லிக் கந்தோரிலிருந்து எழும்பி வருபவரை ஊர் தலைக்கனம் பிடித்தவர் என்று பேசும். கனடாவிலிருக்கும் காணிக்காரர் அவருக்கு நன்றி சொல்லப்போவதுமில்லை. அப்படியொருவர் எழும்பிப் போனதை அவர் அறியவே மாட்டார்.