அரியர் என்று சொல்ல முடிகிற வீடு

செமஸ்டர் நெருங்கினால் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், புள்ள படிக்கிற பாடத்துல எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நாங்க என்ன பண்ண முடியும்?" பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால் கேட்கிறார்கள். பிளஸ் டூ வரை டியூஷனுக்குக் கூட்டிப்போனார்கள், டிவியை அணைத்து வைத்தார்கள். வீட்டில் முதன்முதலாக ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனதும், இனி நமக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதே இல்லை.

முதலில் தேர்வின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40 மாதக்கணக்கில் சேருவது. கடைசி வாரத்தில் அறைக்கு அறை பின்தொடர்ந்து "எவ்வளவு முடிச்ச?" என்று துளைப்பதைவிட, பருவத்தின் நடுவிலேயே "இன்டர்னல் எப்படிப் போச்சு?" என்று ஒரு வார்த்தை விசாரிப்பது எவ்வளவோ மேல்.

பாடம் தெரியாததும் குறையில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா தையல் வேலை செய்கிறார். ஸ்டடி லீவில் மெஷினை மிதித்துக்கொண்டே மகளிடம் கேட்டார்: "ஃப்ரிட்ஜ் உள்ள ஜில்லுனு இருக்கு, பின்னாடி ஏன்டி இப்படிச் சுடுது?" தெர்மோடைனமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தவள் உற்சாகமாக ஆரம்பித்தாள். உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது என்றாள். "தானாவா தள்ளும்?" கம்ப்ரஸருக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தனக்கு எங்கே புரியவில்லை என்பது அந்த இடத்தில்தான் அவளுக்கே தெரிந்தது. புத்தகத்தை மறுபடி எடுத்தாள். படித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து சொல்லிப் பார்த்தால் நாள்பட நிற்கும் என்று ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துக் காட்டினார்கள். அதற்கு வேண்டியது பொறுமையாகக் கேட்கிற ஒரு காது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் தமிழில் சொல்ல வேண்டி வந்தது கூடுதல் நன்மை. மனப்பாட வரிகள் அங்கே உதவாது.

தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, விருந்தாளிகளைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பலரும் செய்யத் தயங்குவது வேறு. ஒரு பாடத்தில் தேறாமல் அரியர் விழுந்தால் அதை வீட்டில் சொல்ல முடிய வேண்டும். நான் பார்த்தவரை, தோல்வியைவிட அதை மறைப்பதுதான் பிள்ளைகளை அதிகம் கெடுக்கிறது. முடிவு வந்ததும் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு; அதற்குக் கட்டணமும் உண்டு, கெடுவும் உண்டு. வீட்டில் மறைத்த பிள்ளை பணம் கேட்க முடியாமல் கெடுவைத் தவறவிடுகிறது. அடுத்த பருவத்துப் பாடங்களோடு பழைய பாடமும் சேர்ந்துகொள்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் பல நிறுவனங்கள் "அரியர் நிலுவை உண்டா?" என்று கேட்கும்போதுதான் அப்பாவுக்கே விஷயம் தெரிகிறது. "உனக்காக எவ்வளவு கடன் வாங்கியிருக்கோம் தெரியுமா?" என்று தேர்வு நேரத்தில் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மறைக்கிறார்கள்.

பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேசினால், பரீட்சைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

"போனா போகட்டும், திரும்ப எழுதிக்கலாம். எங்ககிட்ட மட்டும் மறைக்காத" என்ற சொல், ரிசல்ட் வந்தபிறகு சொன்னால் ஆறுதல்; முன்னாலேயே சொன்னால் தைரியம். ஹால் டிக்கெட் கைக்கு வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.