கங்கை மடியில் குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும்

கங்கையைச் சேவிக்கப் போகிறவர்கள் ஹரித்வாரில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடுவார்கள். காசியில் படித்துறையில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்வார்கள். சொம்பில் அடைத்து ஊருக்குக் கொண்டுவந்து பூஜை மாடத்தில் வைப்பார்கள். எல்லாமே பெரும் பாக்கியம்தான். ஆனால் அங்கெல்லாம் நாம் நிற்கிறோம், அவள் ஓடுகிறாள். அவள் ஓடும்போது கூடவே ஓடி, அவள் குதிக்கும்போது கூடவே குதிக்க ஒரு வழி இருக்கிறது. ரிஷிகேசத்துக்கு மேலே போய் ரப்பர் படகில் ஏறிவிட வேண்டும். ஊர் முழுக்க ராஃப்டிங் என்று பலகை வைத்து, சாகச விளையாட்டு என்று விற்கிறார்கள். எனக்கு அது தாயே தன் கையால் செய்துவைத்த திருமஞ்சனம்!

அக்கா மகன்தான் ஏற்பாடு செய்தான். "சித்தி, ராஃப்டிங்கும் ஜிப்லைனும் சேர்த்து ஒரு நாள் டிரிப். கூடவே கைடு வருவார். வர்றீங்களா?" என்றான். ஐம்பதைத் தாண்டியவள், ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தடவாமல் தூங்காதவள் நான். ஆனாலும் சரியென்று சொல்லிவிட்டேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் ஊர்ப் பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகரைப் பதினொரு பாசுரங்களில் பாடிவைத்திருக்கிறார். அந்தக் கடிநகர்தான் தேவப்பிரயாகை, 108 திவ்யதேசங்களில் ஒன்று. ரகுநாதர் சந்நிதிக்குக் கீழே பாகீரதியும் அலக்நந்தாவும் கலக்கின்றன. அங்கிருந்துதான் ஆறு கங்கை என்று பெயர் சூடிக்கொள்கிறது. பெருமான் திருவடியிலும் பிரமன் கையிலும் சிவன் சடையிலும் இருந்து வந்தவள் என்று ஆழ்வார் கொண்டாடிய தண்ணீர், அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மலையிடுக்கில் மோதிப் புரண்டு ரிஷிகேசத்தில் சமவெளியைத் தொடுகிறது. அந்தத் தண்ணீர் என்னைக் கூப்பிடுகிறது என்றால், முழங்காலைச் சாக்குச் சொல்லலாமா?

சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பகவான் நம்மைக் காப்பது எப்படி? குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். தாய் கிளைக்குக் கிளை தாவும். அங்கே பிடி குட்டியுடையது. பூனைக்குட்டி எதையும் பற்றாது. தாயே கவ்விக்கொண்டு போகும். அங்கே பிடி தாயுடையது. வடகலையார் முன்னதைச் சொல்வார்கள், தென்கலையார் பின்னதைச் சொல்வார்கள். வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசார்யரும் எழுதிவைத்த நுட்பங்கள் என் அறிவுக்கு எட்டாதவை. ஆனால் ஒரே பகலில், ஒரே ஆற்றில், இரண்டு குட்டியாகவும் இருந்து பார்க்கிற பேறு எனக்கு வாய்த்தது.

பங்குனி மாதம். தலையில் படகைக் கட்டிக்கொண்டு ஜீப் பத்ரிநாத் சாலையில் ஏறியது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளத்தில் பச்சைப்பசேலென்று அவள். இதே சாலையில்தான் வசிஷ்ட குகை இருக்கிறது. கேரளத்துத் திருவல்லாவில் பிறந்த சுவாமி புருஷோத்தமானந்தர் அந்தக் குகையில் பல்லாண்டு தவமிருந்து 1961-இல் சமாதியடைந்தார். அந்தத் திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டு, மெரைன் டிரைவ் என்கிற துறையில் இறங்கினோம். பம்பாய்க் கடற்கரையின் பெயர் இமயமலை மணல்திட்டுக்கு எப்படி வந்ததோ, அவளுக்கே வெளிச்சம்.

எங்கள் கைடு கட்வால் மலைப் பையன். என்னை "மாதாஜி" என்றே கூப்பிட்டான். லைஃப் ஜாக்கெட்டின் வார்களை மூச்சு முட்ட இறுக்கினான். ஹெல்மெட் மாட்டினான். துடுப்பைக் கொடுத்து, அதன் தலைப்பிடியை விட்டுவிடவே கூடாது என்றான். கைவிட்டால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பதம் பார்க்குமாம். படகின் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். "ஃபார்வர்ட்" என்றால் முன்னோக்கித் துழாவ வேண்டும், "பேக்" என்றால் பின்னோக்கி. "ஸ்டாப்" என்றால் நிறுத்த வேண்டும், "கெட் டவுன்" என்றால் படகுக்குள் சரிந்துவிட வேண்டும். ஆசாரியன் வாக்குக்கு மறுவாக்கு இல்லை.

பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு உபதேசமாகவே பட்டது. தண்ணீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள் என்றான். நின்றால் பாறை இடுக்கில் கால் சிக்கும், மேலே வரும் வேகம் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து படுங்கள், கால்களை நீர் போகும் திசையில் நீட்டுங்கள், விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியட்டும், முகம் வானத்தைப் பார்க்கட்டும், மற்றதை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும். கூடவே சிறு கயாக்கில் ஒருவன் வருகிறான், அவன் எடுத்துக்கொள்வான். விழுந்தவனுக்கு இதைவிட நல்ல வழியை எந்தச் சாத்திரம் சொல்லிவிட முடியும்!

படகு நகர்ந்தது. முதல் கொஞ்ச தூரம் தண்ணீருக்கு உடம்பே இல்லை, ஒளிதான் இருந்தது. அப்புறம் சத்தம் கேட்டது. கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்கு வந்துவிடுகிறாள். மழைக்காலத்தில் பக்கத்து ஓடைகள் மலையிலிருந்து உருட்டிவந்த பாறைகள் ஆற்றின் கழுத்தை நெருக்குகிற இடங்களில் ரேப்பிட் உண்டாகிறது. குறுகிய வாயில் தண்ணீர் குவிந்து, வழவழவென்று நாக்காக நீண்டு, கீழே போய் வெள்ளையாக வெடிக்கிறது. அந்த நாக்கின் நடுவே படகை நுழைப்பதுதான் கைடின் வித்தை. நுழைந்தோம்.

"ஃபார்வர்ட்! ஃபார்வர்ட்! நிறுத்தாதீங்க மாதாஜி!"

எதிரே ஒரு சுவர். தண்ணீர்ச் சுவர்! படகின் மூக்கு அதன் மேல் ஏறி, வானத்தைப் பார்த்து, ஒரு கணம் நின்று, சரிந்து விழுந்தது. நெற்றியில், கண்ணில், வாயில், மார்பில் கங்கை. பனி உருகிய குளிர் எலும்பைத் தொட்டது. என் துடுப்பு பாதி நேரம் காற்றைத்தான் துழாவியது, ஆனாலும் விடவில்லை. யாரோ "ஹர ஹர மகாதேவ்" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். எங்கள் வீட்டு வீரவைஷ்ணவத் தாத்தாக்கள் மன்னிக்கட்டும். சடை அவிழ்ந்து முகத்தில் அறையும்போது சடைக்காரனைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவது? பகீரதன் ஆயிரமாண்டுத் தவத்துக்குப் பிறகு அவளைக் கேட்டபோது, அவள் விழுகிற வேகத்தைப் பூமி தாங்காது என்றுதானே ஈசன் தலையைக் கொடுத்தான்? அந்த வேகத்தின் ஒரு துளியை என் தலை தாங்கியது. தாங்கி, இன்னும் வேண்டும் என்றது!

அமைதியான நீருக்கு வந்ததும் கைடிடம் கேட்டேன்: "ஆறே இழுத்துப் போகிறது, நாம் ஏன் துழாவ வேண்டும்?" சிரித்தான். தண்ணீரின் வேகத்திலேயே மிதக்கிற படகைத் தண்ணீர் தன் இஷ்டத்துக்குத் திருப்பிப் பாறையில் போடும். அதைவிடக் கொஞ்சமாவது வேகமாகப் போனால்தான் நம் பேச்சை அது கேட்கும், அலையைக் கிழித்து ஏறும் என்றான். பாதி மூழ்கிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுருண்டு நிற்கிற குழிகளைக் காட்டினான். அதில் சோம்பேறிப் படகு மாட்டினால் அங்கேயே நின்று குதிக்குமாம். எனக்குத் திண்ணை வழக்கு நினைவுக்கு வந்தது. இதுதானே குரங்குக்குட்டியின் கட்சி! தாய் தாவுகிறாள், உண்மைதான். ஆனால் தாவுகிற நேரத்தில் குட்டி பிடியைத் தளர்த்தலாமா? அதன்பின் 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்ற ரேப்பிட்டில் புகுந்தபோது, மூன்று அலையும் அடுத்தடுத்து அறைய, ஒவ்வொரு துழாவலுக்கும் ஒரு திருநாமம் சொன்னேன். கேசவா, நாராயணா, மாதவா. பன்னிரண்டு நாமமும் முடியுமுன் அலை முடிந்துவிட்டது.

சிவபுரியில் கரை ஒதுங்கினோம். ஈர உடையோடு சூடான ராஜ்மாவும் சோறும். அதற்குப் பிறகு ஜிப்லைன்.

ரிஷிகேசத்தில் கயிற்றில் ஆற்றைக் கடப்பது புதுப் பழக்கம் இல்லை. லட்சுமணன் சணல் கயிற்றைப் பற்றிக் கங்கையைக் கடந்தான் என்று நம்பப்படும் இடம்தான் லட்சுமண் ஜூலா. அங்கே இருந்த பாலம் 1924 வெள்ளத்தில் போக, 1930-இல் புதிய தொங்குபாலம் திறந்தார்கள். இளையபெருமாள் போன வழி என்று எண்ணியபடி மேடையேறினேன். இடுப்பிலும் தொடையிலும் வார் கட்டினார்கள். தலைக்கு மேல் எஃகு வடம். அதில் கிணற்றுக் கப்பியின் பேரன் போல ஒரு கப்பி. வார்களைக் கொக்கிகளால் அதனுடன் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்கள். இந்தக் கரை உயரம், அந்தக் கரை தாழ்வு. மற்றதைப் பூமியின் இழுப்பு செய்துகொள்ளும்.

"நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்ய வேண்டாம் மாதாஜி. வடத்தைத் தொடாதீங்க. காலைத் தூக்கிக்கிட்டு உட்காருங்க, போதும்."

காலையெல்லாம் "நிறுத்தாதே, நிறுத்தாதே" என்று கேட்ட எனக்கு இது அடிவயிற்றைக் கலக்கியது. கை துடுப்பைத் தேடியது. பிடிக்க ஒன்றுமில்லை. மேடையின் விளிம்பைக் கால் விட மறுத்தது. "சித்தி, கோவிந்தா சொல்லுங்க" என்றான் பின்னால் இருந்து அக்கா மகன். கோவிந்தா என்றேன். கால் விட்டது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! விழவில்லை. விழுவேன் என்று உடம்பு சுருண்டு காத்திருந்தது, விழவே இல்லை. யாரோ தூக்கிக்கொண்டார்கள். கப்பி வடத்தில் ஓடுகிற சீழ்க்கை காதில். காற்று முகத்தில். கீழே, வெகு கீழே, அவள். காலையில் என்னை அறைந்த அதே தண்ணீர் பச்சைப் பட்டாக, வெள்ளைக் கரை போட்டு, மலை மடிப்பில் விரிந்து கிடந்தது. எங்கள் ஊர்க் கருவறையில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் பக்கத்திலேயே கருடாழ்வார் நிற்பார். அப்படியொரு இடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று சின்ன வயதில் பொறாமைப்பட்டதுண்டு. இன்று அவர் கண்ணால் ஒரு முறை பார்க்கக் கொடுத்தாள். கைகள் தாமாகக் குவிந்தன. பிடிக்க ஒன்றும் இல்லாத கைக்குக் கும்பிடுவதைத் தவிர வேறு வேலை ஏது? அழுதேன். அக்கரையில் பிடித்து நிறுத்தியவர்கள் பயந்துவிட்டார்கள், "டர் கயீ க்யா, மாதாஜி?" என்றார்கள். பயமில்லையப்பா, பூனைக்குட்டி அழுகிறது என்று எந்த மொழியில் அவர்களுக்குச் சொல்வேன்!

பிற்பகலில் மறுபடியும் படகு. சிவபுரியிலிருந்து ரிஷிகேசம் 16 கிலோமீட்டர். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று குறும்புப் பெயர் வைத்த ரேப்பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலையைப் போலவே முழுப் பலத்தோடு துழாவினேன். ஆனால் இப்போது தோளில் பதற்றம் இல்லை. அலைகள் ஓய்ந்த ஓரிடத்தில் கைடு, "வேண்டியவர்கள் தண்ணீரில் குதிக்கலாம்" என்றான். படகைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மல்லாந்தேன். கால்களை நீட்டினேன். காதுகள் தண்ணீருக்குள் போக, கண்ணில் வானம் மட்டும். கயிற்றைப் பிடித்திருக்கிறேன், அதனால் குரங்குக்குட்டி. தண்ணீர் என்னைச் சுமக்கிறது, அதனால் பூனைக்குட்டி. வழக்கு அங்கேயே தீர்ந்தது தாயே! பிடித்த கையும் உன் கொடை, சுமந்த மடியும் உன் கொடை. அன்று முழுவதும் நாங்கள் துழாவியது ரேப்பிட்டுக்குச் சில கணங்கள்தான். மற்ற தூரமெல்லாம் நீயே கொண்டுவந்தாய். அந்தச் சில கணங்களையும் நாங்களே செய்ததாக எண்ணிக்கொள்ள விட்டாயே, அதல்லவா கருணை!

நீம் பீச்சில் கரையேறித் துடுப்புகளை உயர்த்தி ஒன்றோடொன்று தட்டிக்கொண்டோம். உடை மாற்றியதும் முனி கி ரேதியில் சிவானந்தர் ஆசிரமத்துக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு இந்தக் கரைக்கு வந்தவர் அவர். துறந்து வந்தவர் சும்மா உட்காரவில்லை. சாதுக்களுக்கு மருந்து கொடுத்தார், 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார், கை ஓயாமல் எழுதிக் குவித்தார். தன்னைக் கொடுத்துவிட்ட பிறகும் துடுப்பைக் கீழே வைக்காதவர். அவர் சமாதியில் விழுந்து வணங்கியபோது என் தோள்பட்டை வலி இனித்தது.

உங்களுக்கும் சொல்கிறேன். செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை அவள் படகை அனுமதிப்பாள். மழைக்காலத்தில் யாரையும் அண்டவிட மாட்டாள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கரையிலிருந்தே சேவியுங்கள். அலைக்கு அஞ்சுகிறவர்கள் பிரம்மபுரியிலிருந்து கிளம்புகிற 9 கிலோமீட்டர் பயணத்தில் தொடங்குங்கள். உரிமம் பெற்றவர்களோடு மட்டும் போங்கள். கைடு சொல்வதை வேதமாகக் கொள்ளுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே போய்விடுங்கள். முழங்கால் வலிக்கத்தான் செய்யும், வலிக்கட்டும். முதல் அலை முகத்தில் அறைகிறபோது வாயை மூடிக்கொள்ளாதீர்கள், உரக்கக் கூப்பிடுங்கள். ஜெய் கங்கா மையா!