பெயரும் பயனும்

நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தேர்வதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை; துணிவே போதும். நன்மைக்கும் நன்மைக்கும் இடையே தேர வேண்டிய நிலையில்தான் மனிதனின் அறிவு உரைகல்லில் உரைக்கப்படுகிறது. பொறியியல் பயில விழையும் மாணவர், எப்பல்கலைக்கழகத்தை முதலாவதாகக் குறிப்பது என்று தயங்கி நிற்கும் வேளை அத்தகைய வேளையாகும்.

மலாக்கா மண்ணில் இத்தயக்கம் புதியது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பரவிய தோட்டங்களில் குடியேறிய தமிழர்க்குத் தேர்வு என்ற சொல்லே இல்லை. தோட்டத்தைக் கங்காணி தேர்ந்தான். வெட்ட வேண்டிய நிரையை நிர்வாகம் அளந்து கொடுத்தது. நாளின் தொடக்கத்தைப் பெரட்டு மணி முடிவு செய்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் முடிவுக்கு உட்பட்டு வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று தேர்வுரிமை வாய்த்திருக்கிறது. உரிமை வந்துவிட்டது, அதனைக் கையாளும் பயிற்சி இன்னும் முழுமையாக வரவில்லை.

எஸ்.டி.பி.எம். தேர்வில் சிறந்து விளங்கிய தோட்டப்புற மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தந்தை ஓய்வு பெற்ற தொழிலாளி, தாய் நோயுற்றவள். விண்ணப்பத்தின் முதல் வரியில் எதனை எழுதுவது? 1949இல் சிங்கப்பூரில் தோன்றி, 1962 முதல் கோலாலம்பூரில் தனித்தியங்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தையா? 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2007இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, டுரியான் துங்காலில் வீட்டிற்கு அண்மையிலேயே இருக்கும் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையா? "பேர் பெற்ற இடம் கிடைக்கும்போது வேறு எண்ணம் எதற்கு?" என்கிறார் மாமா. தாய் ஒன்றும் சொல்லவில்லை. அவளது மௌனமே ஒரு சொல்லாக நிற்கிறது.

மாமாவின் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பழம்பெரும் நிறுவனத்தில் நூலகம் பெரிது. உடன் பயில்வோரின் கூர்மை தன்னறிவையும் தீட்டும். எனினும் பெயர் வேறு, தகுதி வேறு. பொறியாளர் பதிவு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. அங்கீகாரம் பெற்ற பட்டம் எங்கே பெறப்பட்டது என்று பார்த்து அது உயர்வு தாழ்வு கற்பிப்பதில்லை. மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், அத்தகைய பட்டங்களுக்குப் பிற உறுப்பு நாடுகளிலும் மதிப்புண்டு. ஆகவே வினவ வேண்டியது, "எது பெரிது?" என்பதன்று; "எதற்கு எது பொருந்தும்?" என்பதே. செய்முறைப் பயிற்சியில் நாட்டமுள்ளவருக்கு ஒன்றும், கோட்பாட்டாய்வில் வேட்கையுள்ளவருக்கு மற்றொன்றும் பொருந்தக்கூடும்.

இங்கே வலுவான மறுப்பொன்று எழும். மெட்ரிகுலேசன் இடங்கள் 2019இல் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும், பூமிபுத்ராவினர்க்குத் தொண்ணூறு விழுக்காடு என்ற பங்கீடு மாறவில்லை. வாயில் குறுகிய சமுதாயத்தில் முதன்மை நிறுவனத்தின் ஓரிடத்தை விட்டுக்கொடுப்பது சமுதாயத்திற்கே இழைக்கும் இரண்டகம் அன்றோ என்பர். வாயிலை அகலமாக்கப் போராடுவது சமுதாயத்தின் கடமை, அதில் ஐயமில்லை. ஆயின், திறந்த வாயில்களுள் எதன்வழி நுழைவது என்பது நுழைபவளின் உரிமை. மனிதரை வெறுங் கருவியாக்கலாகாது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் வலியுறுத்தினார். சமுதாயத்தின் பெருமைக்காகவேயானாலும் ஒரு பெண்ணைப் பதக்கமாக்குதல் அறமாகாது.

அதற்காக அண்மையே நன்று என்று முடித்துவிடலும் ஆகாது. அச்சத்திற்குக் கடமை என்று பெயர் சூட்டி ஏமாறுவோர் பலர். தாயைக் காக்கவே வீட்டருகில் தங்குவதாக மகள் எண்ணலாம். உண்மையில் அறியாத நகரத்திற்கு அவள் அஞ்சியிருக்கலாம். எனவே அவள் தன்னைத்தானே கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. பயின்ற இடத்தின் பெயரை எவரும் அறியமாட்டார் என்றால், அப்போதும் பெரிய பெயரையே நாடுவாளா? "போய் வா" என்று தாய் மனமார வாழ்த்தினால், அப்போதும் இங்கேயே தங்குவாளா? இரண்டிற்கும் ஒளிவின்றி விடை கண்டபின் எடுக்கும் முடிவு எதுவாயினும், அஃது அவளுடையதாகும்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்பது ஓர் அதிகாரம். இழப்பையும் ஆக்கத்தையும் எண்ணிச் செயலில் இறங்குக என்பது அதன் சாரம். ஆசிரியர்க்கும் இதில் பணியுண்டு. பாடத்திட்டம், கட்டணம், விடுதிச் செலவு, பட்டத்திற்குப் பின்னும் தொடரும் கல்விக் கடன் ஆகியவற்றை மாணவர்முன் விரித்து வைத்தல் வேண்டும். அதன்பின் சற்றே விலகி நிற்றல் வேண்டும். பாட்டனுக்கு நிரையைப் பிறர் அளந்து கொடுத்தனர். பேத்திக்கும் பிறரே அளந்து கொடுப்பார்களாயின், தோட்டத்தை விட்டு வெளியேறியும் பயனில்லை.