புகார் சொன்னவன் யார்?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டு தாண்டியதும் மேலே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மலையின் அழகு அப்படி. ஆனால் அடிவாரத்துச் செம்மண் பூமியில், தோப்புகளுக்கு நடுவே அங்கங்கே பிளந்து கிடக்கும் பள்ளங்களையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். கிராவல் மண் வெட்டி எடுத்த இடங்கள் அவை. நம் வீட்டுப் பேஸ்மட்டத்தை நிரப்பவும், நம் கார் குலுங்காமல் போகும் ரோட்டுக்கு அடித்தளம் போடவும் இப்படிப்பட்ட பள்ளங்களிலிருந்துதான் மண் வருகிறது.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்துத் தோட்டக்காரன் ஒருவன் உண்டு. அவனுடைய மாவிலைகளில் புழுதி படிகிறது. மழை பெய்தால் அவன் வரப்பு சரிகிறது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கிறான். சில நாள் கழித்து ஜீப் வருகிறது. கிராம நிர்வாக அதிகாரி இறங்குகிறார். கனிமவளத் துறைக்காரர் இறங்குகிறார். முதல் கேள்வி குழியைப் பற்றியதா? இல்லை.

"ஏய்யா, உனக்கும் அவருக்கும் முன்னாடியே ஏதாச்சும் பகை உண்டா?"

ஊராரும் சேர்ந்துகொள்கிறார்கள். "இவன் தோட்டத்தை வித்திருந்தா இன்னைக்கு இவனுக்கும் பணம். அந்த வயித்தெரிச்சல்."

வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் புகார் பொய்யாகிவிடுமா? இந்தக் கேள்வி வெகு நாளாக என்னை உறுத்துகிறது. கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களின் உள்நோக்கம்தான் மூலதனம். ஒருவன் என்ன செய்தான் என்பதைவிட ஏன் செய்தான் என்பதில்தான் அவனுக்குச் சுவை. கதைக்கு அது சரி. நியாயத்துக்கு அது போதுமா?

நம்முடைய சிலப்பதிகாரத்தில் இரண்டு புகார்கள் வருகின்றன. முதலாவது, பொற்கொல்லன் சொன்னது. அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன். பழியைக் கோவலன் மேல் போட்டான். பாண்டியன் சிலம்பை வாங்கிப் பார்க்காமலே கொலைக்கு உத்தரவிட்டான். இரண்டாவது, கண்ணகி சொன்னது. தலைவிரி கோலமாக, நெஞ்சு நிறையக் கோபத்தோடு வந்தாள். அவளுக்கு இல்லாத பகையா? ஆனால் பாண்டியன் அவள் கோபத்தை விசாரிக்கவில்லை. சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். அத்துடன் வழக்குத் தீர்ந்தது. அமைதியாகப் பேசியவன் சொன்னது பொய். ஆவேசமாக வந்தவள் சொன்னது மெய். இரண்டையும் பிரித்துக் காட்டியது பரிசோதனை ஒன்றுதான்.

கிராவல் குழியும் சிலம்பைப் போலத்தான். உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். அதிகாரி வரும் செய்தி முன்னாலேயே கசிந்து, மண் அள்ளும் இயந்திரங்கள் இரவோடு இரவாக மறையலாம். பள்ளத்தை மறைக்க முடியாது. நீளம் 300 அடி, அகலம் 150 அடி, ஆழம் 10 அடி என்றால் 4,50,000 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக 4,500 யூனிட். லாரிக்கு மூன்று யூனிட் என்றால் 1,500 லோடு. வெட்டிய மண் பூத்து நிற்குமாதலால் கணக்குக் கூடுமே தவிரக் குறையாது. 500 லோடுக்குத்தான் நடைச்சீட்டு இருக்கிறதென்றால் மற்ற ஆயிரம் லோடும் காலாற நடந்தா போயின? இந்தக் கணக்கில் பக்கத்துத் தோட்டக்காரனின் பொறாமைக்கு ஏது இடம்?

தோண்டத் தோண்ட எதுவரை போகும் என்பதற்குப் பெரியகுளம் வட்டமே சாட்சி. வடவீரநாயக்கன்பட்டி முதலிய கிராமங்களில் 182 ஏக்கர் அரசு நிலம் தனியார் பெயர்களுக்கு மாறியிருந்த விவகாரம் 2021-இல் வெளிவந்தது. கிராவல் மண் வெட்டிய குற்றச்சாட்டும் அதோடு சேர்ந்தது. அதிகாரிகள்மீதே வழக்கு வந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயிற்று.

மலைமேலும் ஒரு கதை உண்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர்த் தொழிற்சாலை பல வருஷம் நடந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் குவிந்திருப்பதை வெளிப்படுத்தியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். அதே மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. தினமும் அந்த வழியே நடப்பவன் கண்ணுக்குத் தெரிவது, என்றோ ஒருநாள் ஜீப்பில் வருபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொய் மனுப் போட்டுப் பணம் பறிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பொற்கொல்லர் வம்சம் அற்றுப்போய்விடவில்லை. அவர்களுக்கும் மருந்து அளவு நாடாதான். குழி கணக்குப்படி இருந்தால் குழிக்காரர் தலைநிமிர்ந்து போகட்டும், அதுவும் நியாயமே.

ஆனால் மாலையில் ஜீப் திரும்பிவிடுகிறது. மனுக் கொடுத்தவன் அதே வேலிக்குப் பக்கத்தில்தான் படுத்துறங்க வேண்டும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அதிகாரி லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் திருமயம் பக்கத்தில், கல்குவாரிகள்மீது புகார் கொடுத்துவந்த ஒருவர் லாரி மோதி இறந்தார். அது கொலை என்று வழக்காகி, குவாரிக்காரர்கள் கைதானார்கள். இத்தனையும் தெரிந்தபிறகு ஒருவன் மனு எழுதுகிறான் என்றால், வெறும் வயிற்றெரிச்சல் அவனை அவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்திருக்குமா?

வீடு கட்டுகிற நாமும் லோடு வந்து இறங்கும்போது "நடைச்சீட்டு எங்கேப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். நாம் கேட்காத கேள்வியைத்தான் அந்தத் தோட்டக்காரன் தனியாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மனுவின் அடியில் இருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் குழியை அளந்துவிடுங்கள். கணக்கு முடிந்தபிறகு கையை எடுத்துப் பெயரைப் படிக்கலாம்.