திருந்தும் உரிமை: தமிழ்த் திரைப்படங்களில் ஆணும் பெண்ணும் – ஓர் அறவியல் நோக்கு

தமிழகத்திலும் ஈழத்திலும் பல தலைமுறையினரின் பொழுதுபோக்காக விளங்கிவந்துள்ள ஜனரஞ்சகத் தமிழ்த் திரைப்படங்களிற் பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றாள் என்னும் வினாவுக்கு இரு விடைகள் கூறப்படுவதுண்டு. போகப்பொருளாகக் காட்டப்படுகின்றாள் என்பது ஒன்று. தெய்வமாகப் போற்றப்படுகின்றாள் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் இவற்றிலும் அடிப்படையானதொரு வினா உண்டு. தவறிழைத்தவர் திருந்தி மீண்டும் மதிப்புடன் வாழ்வதற்கு இப்படங்கள் எவருக்கு இடமளிக்கின்றன?

1973 இல் கே. பாலசந்தரின் இயக்கத்தில் வெளிவந்த 'அரங்கேற்றம்' துணிவான முயற்சி என்பதை மறுப்பதற்கில்லை. வறிய வைதிகக் குடும்பமொன்றின் மகளான லலிதா, தன்னைச் சார்ந்தோரைக் காப்பதற்காகப் பரத்தமையில் விழுகின்றாள். அவளது பணத்தால் வாழ்ந்த குடும்பமே உண்மை வெளிப்பட்டதும் அவளைப் புறக்கணிக்கின்றது. 1989 இல் ஆர். பார்த்திபன் இயக்கி நடித்து, தேசிய விருதும் பெற்ற 'புதிய பாதை'யிலோ முரடனொருவன் ஒரு பெண்ணைப் பலாத்காரஞ் செய்கின்றான். அவளே அவனைத் தேடி வந்து, மணந்து, அன்பினால் மாற்றுகின்றாள்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பிறர்க்காகத் தன்னை அழித்துக்கொண்ட பெண்ணுக்கு வீட்டில் இடமில்லை. பிறரை அழித்த ஆணுக்கோ, அழிக்கப்பட்டவளே வீடாகின்றாள். பாலசந்தர் அக்குடும்பத்தின் நன்றியின்மையைக் கண்டிக்கவே செய்கின்றார். பிந்தைய படத்தில், பெண்ணின் துன்பம் ஆண் திருந்துவதற்குரிய கருவியாக்கப்படுகின்றது.

பெண்ணும் திருந்துவதாகக் காட்டப்படுகின்றாளே எனச் சிலர் வாதிடலாம். 1972 இல் வெளிவந்த 'பட்டிக்காடா பட்டணமா'வில் நகர நாகரிக மோகங்கொண்ட மனைவி மாறுகின்றாள். ஆனால் அங்கு திருந்துதல் என்பது கணவனுக்கு அடங்குதலே. ஆணின் மாற்றம் அவனது வளர்ச்சியாகவும், பெண்ணின் மாற்றம் அவளது தோல்வியாகவும் அமைகின்றன.

சமூகத்தில் உள்ளதையே திரைப்படம் காட்டுகின்றது என்பது மற்றொரு வாதம். திரைப்படம் வெறுங் கண்ணாடியன்று. எவரது கண்ணீருக்கு இரங்க வேண்டும், எவரது குற்றத்தை மறக்க வேண்டும் என்பதை அது பார்வையாளருக்குப் பழக்குகின்றது. குற்றமிழைத்தவனையே மணக்குமாறு பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 'நற்புத்தி' கூறும் உறவினர் திரைக்கு வெளியேயும் உளர்.

ஒழுக்கம் என்பது தேர்ந்தெடுக்கும் ஆற்றலுடையோர்க்கே உரியது. தவறக்கூடியவரே அதனை உணர்ந்து தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளவும் கூடியவர். தெய்வத்திற்கு இப்போராட்டம் இல்லை, பொருளுக்கும் இல்லை. ஆதலின் பெண்ணைத் தெய்வமாக்குதலும் பொருளாக்குதலும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், அவளது மனச்சாட்சியை மறுப்பதில் ஒன்றுபடுகின்றன. ஆணுக்கும் இது நன்மையன்று. தன் குற்றத்திற்குத் தானே பொறுப்பேற்று வருந்தும் கடமையிலிருந்து அவன் விடுவிக்கப்படுகின்றான். அப்பாரத்தை அவள் சுமக்கின்றாள்.

1978 இல் ருத்ரய்யா இயக்கிய 'அவள் அப்படித்தான்' இப்போக்கினின்றும் விலகியது. அதன் நாயகி மஞ்சு சினமும் ஐயமும் முரண்பாடும் உடையவள். எவரிடமும் மன்னிப்பை இரந்து நிற்பவளல்லள். அத்தகைய பெண்ணை விரும்பாதிருக்க எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் அவளை ஒரு மனிதப் பிறவியாக ஏற்றுக்கொண்ட பின்னரே அவளது சரி பிழைகளைப் பற்றிப் பேசுதல் நீதியாகும்.