வாயற்ற ஜீவன்களின் தாகமும் நம் தர்மமும்

கோடையின் கடுமை மிகுந்த சித்திரை, வைகாசி மாதங்களில் எம்பெருமானுக்குச் சந்தனக் காப்பிட்டு, மெல்லிய வஸ்த்ரம் சாற்றி, வஸந்த மண்டபத்தைச் சுற்றி நீர் தேக்கி, விசிறி கொண்டு வீசி உபசரிக்கிறோம். ஸ்ரீரங்கத்தில் கோடைத் திருநாளும் வஸந்தோத்ஸவமும் இக்கருத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. காஞ்சியிலே திருக்கச்சி நம்பிகள் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசுவதையே தம் வாழ்நாள் கைங்கர்யமாகக் கொண்டிருந்தார். சூரியனையும் அக்நியையும் படைத்தவனை வெயில் சுடுமோ? சுடாது என்று அறிந்தும் செய்கிறோம். நம்மை வருத்துவது அவனையும் வருத்துமோ என்று அஞ்சுவதே அன்பின் இலக்கணமன்றோ!

அப்படியாயின், உண்மையாகவே வெயிலால் வருந்தி, ‘தண்ணீர்’ என்று கேட்க வாயில்லாமல் ஸந்நிதித் தெருவிலே கிடக்கும் ஜீவன்களின் விஷயத்தில் நம் கடமை யாது? உத்ஸவத்திற்கு எழுந்தருளியிருக்கும் மெய்யன்பர்களோடு இக்கேள்வியைச் சற்றே விசாரிக்க விரும்புகிறேன். இவ்விசாரத்திற்குக் காரணமாக அமைந்தது அடியேன் செய்த ஒரு பிழை. ஆகவே அதை முதலில் விண்ணப்பித்துக் கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நண்பகல். திருமஞ்சனத்திற்குத் தீர்த்தக் குடம் சுமந்து வந்துகொண்டிருந்தேன். மடைப்பள்ளியின் பின்புறத்தில் அரிசி களைந்த நீர் வெளியேறும் கல் தூம்பின் வாயிலே ஒரு நாய் படுத்திருந்தது. நாக்கு தொங்க, விலா எலும்புகள் விரைந்து ஏறி இறங்க, சொட்டுச் சொட்டாக விழும் நீரை நக்கிக்கொண்டிருந்தது. மடியாக வரும் வழியில் அது குறுக்கிட்டுவிடுமே என்ற எண்ணத்தில், கையை ஓங்கி அதட்டி விரட்டினேன். அது எழுந்து, தள்ளாடி, வெயிலில் இறங்கிச் சென்றது. மாலையில் திருக்குளத்தில் அது இறந்து கிடப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அவ்வாண்டு குளம் முற்றும் வற்றியிருந்தது. அந்த நாய் கடைசிப் படி வரை இறங்கியிருந்தது. அங்கே சேறு கூட இல்லை.

அருகிலே நின்றவர்களிடம், “அதன் ப்ராரப்தம் அவ்வளவுதான்” என்றேன். திருவலகுக் கைங்கர்யம் செய்யும் முதியவர் ஒருவர், எழுத்தறியாதவர், மெல்லச் சொன்னார்: “ஸ்வாமி, அதன் கணக்கு முடிந்துபோயிற்று. அதை விரட்டியது யார் கணக்கில் சேரும்?” அடியேனால் விடை கூற இயலவில்லை. காசியிலிருந்து ராமேச்வரத்திற்குச் சுமந்து சென்ற கங்கா தீர்த்தத்தை, தாகத்தால் துடித்த கழுதைக்குப் புகட்டிய ஏகநாதரின் சரித்திரத்தைச் சபையிலே கண்ணீர் மல்கச் சொன்னவன் அடியேன். அந்தக் கழுதை நாயாக வந்து எதிரே கிடந்தபோது அடையாளம் தெரியவில்லை.

பாடசாலையில் எமக்குக் கற்பித்த முறைப்படி, எதிர்வாதங்களை முதலில் வைத்துப் பின்பு விடை காண்போம்.

முதல் வாதம் அடியேன் அன்று சொன்னதே. ‘விலங்குப் பிறவியும் அதில் வரும் துன்பமும் முன்வினைப் பயன். அதை அனுபவித்துத்தான் தீர வேண்டும். குறுக்கே புக நாம் யார்?’ என்பது. கேட்பதற்கு இது சாஸ்த்ரம் போலத் தோன்றும். ஆனால் இவ்வாதத்தை ஒப்புக்கொண்டால், பசித்து வந்த அதிதிக்கு அன்னமிட வேண்டுவதில்லை. நோயுற்ற குழந்தைக்கு மருந்து கொடுக்க வேண்டுவதில்லை. அவர்கள் துன்பமும் வினைப்பயனே. அப்போது தானம், தயை, உபகாரம் என்று பெரியோர் விதித்த அனைத்தும் பொருளற்றுப் போகும். கர்ம ஸித்தாந்தம் துன்பம் எப்படி வந்தது என்பதை உணர்த்துவதற்காகச் சொல்லப்பட்டது. துன்பத்தைக் கண்டு வாளா இருக்க அனுமதி கொடுப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று.

மேலும், ஒரு ஜீவனின் ப்ராரப்தம் எந்த நாழிகையில் முடிகிறது என்பதை நம்மில் அறிந்தவர் யார்? ‘இன்று நண்பகலில் ஒருவன் கையால் தண்ணீர் பெற்றுப் பிழைக்கும்’ என்பதே அந்த நாயின் ப்ராரப்தமாக இருந்திருக்கலாம். அந்த ஒருவனாக அடியேன் இருந்திருக்கலாம். அதன் வினை அதனுடைய கணக்கு. கண்டும் கொடாமை நம்முடைய கணக்கு. எல்லா ஜீவன்களும் பகவானுக்குச் சரீரம் என்று ஸ்ரீபாஷ்யகாரர் காட்டிய வழியில் நிற்பவன், அச்சரீரத்தின் ஓர் அவயவம் வாடும்போது, ‘அது அதன் வினை’ என்று கூறி அப்பால் செல்லலாகாது.

அவ்வவயவம் எப்படி வாடுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கோ உள்ளங்கால்களில் மட்டுமே அவ்வாறு வியர்க்கும். ஆகையால் வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, மூச்சிரைத்தே அது தன் சூட்டை வெளியேற்றுகிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகளே இல்லை. காகமும் மைனாவும் அலகைப் பிளந்தபடி உட்கார்ந்திருப்பது, தொண்டையின் ஈரத்தை ஆவியாக்கி உடலைக் குளிர்விப்பதற்காக. எருமைக்கு அச்சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவு. கரிய தோலோ வெயிலை ஈர்க்கும். ஆதலால் குட்டையில் அமிழ்ந்து கிடப்பது அதற்குச் சோம்பலன்று, உயிர்ப் பாதுகாப்பு. யானை ஓயாமல் காதசைப்பது அதிலுள்ள ரத்தநாளங்களின் வழியே சூடு தணிவதற்காக. ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேற்பட்ட நீர் அதற்கு வேண்டும். இவை அனைத்தும் நீரையும் நிழலையும் நம்பியே கோடையைக் கடக்கின்றன. அவ்விரண்டையும் அவற்றுக்கு இல்லாமற் செய்தவர் யார்? குளத்தைத் தூர்த்து, சாலையோரத்து ஆலையும் புளியையும் வெட்டி, மண் தரையைச் சிமெண்டால் மூடியவர் நாமே.

வெயிலும் இப்போது பழைய வெயிலாக இல்லை. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட நாலரை டிகிரிக்குக் குறையாமல் மிகுந்தால் அதை வெப்ப அலை என்று வானிலைத் துறையினர் கூறுவர். சென்னையில் 2003 ஆம் ஆண்டு மே 31 ஆம் தேதி 45 டிகிரியும், ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 ஆம் ஆண்டு மே 19 ஆம் தேதி 51 டிகிரியும் பதிவாயின. 2024 ஆம் ஆண்டில் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இது நம் நாட்டிற்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆஸ்திரேலியா தேசத்தின் குயின்ஸ்லாந்து பகுதியில் 2014 ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரே நாள் வெயிலுக்கு 45,000க்கும் மேற்பட்ட பழந்தின்னி வௌவால்கள் மாண்டன. 2024 ஆம் ஆண்டு மே மாதம் மெக்ஸிகோ தேசத்தில் குரங்குகள் மரக்கிளைகளிலிருந்து உணர்விழந்து விழுந்து இறந்தன. நிலக்கரியையும் எண்ணெயையும் மனிதன் இடைவிடாது எரித்ததனால் வானில் சேர்ந்த புகையே பூமியின் சூட்டை ஏற்றுகிறது என்று விஞ்ஞானிகள் தெளிவாக நிறுவியிருக்கின்றனர். அந்த வௌவால் எந்த நிலக்கரியை எரித்தது? நம் வினையின் பயனை அவை அனுபவிக்கும்போது, அதனை அவற்றின் வினை என்று சொல்ல நா கூசவேண்டாமோ?

இரண்டாவது வாதம் ஆசாரத்தைப் பற்றியது. மடியும் சுத்தியும் காக்கவேண்டுவன என்பதில் அடியேனுக்கு ஐயமில்லை. ஐம்பது பிராயம் கடந்தும் அதனைக் காத்தே வருகிறேன். ஆயினும் மடி கெட்டால் மீண்டும் ஸ்நானம் செய்யலாம். போன உயிரை மீட்க எந்த ஸ்நானமும் இல்லை. அன்று இன்னொரு முறை நீராடி இன்னொரு குடம் கொணர்ந்திருந்தால், திருமஞ்சனம் கால் நாழிகை தாமதப்பட்டிருக்கும். அவ்வளவே.

மூன்றாவது வாதம், சென்ற உத்ஸவத்தில் யாத்ரிகராக வந்த ஓர் இளைஞர் கேட்டது. “கத்திரி வெயிலுக்குக் காண்டவ வன தஹனத்தைக் காரணமாகச் சொல்கிறார்களே, அக்நிக்காக அந்த வனத்தை எரிக்கத் துணை நின்றவர்கள் கண்ணனும் அர்ஜுனனும் அல்லவா? அங்கே எத்தனை மிருகங்களும் பறவைகளும் வெந்து மடிந்தன! பிராணிகளிடம் தயையைப் பற்றி நமக்கு யார் சொல்வது?” என்றார். கேள்வி நேர்மையானது. இதற்குப் பூசி மெழுகி விடை சொல்லக் கூடாது.

வ்யாஸர் அந்த வனத்தின் ஓலத்தை மறைக்கவில்லை. எரியும் காட்டில் சிறகு முளைக்காத நான்கு குஞ்சுகளை வைத்துக்கொண்டு தவித்த ஜரிதை என்னும் தாய்ப்பறவையின் கதையை விரிவாகவே சொல்லி, அக்குஞ்சுகள் பிழைத்ததையும் சொல்கிறார். அந்த அக்நியின் பசி தெய்வங்களுக்கிடையே நிகழ்ந்த ஒரு காரியம். அதன் உட்பொருளை முற்றும் அறிந்தேன் என்று அடியேன் சொல்லத் துணியேன். ஆனால் அதே இருவரைப் பற்றி அதே பாரதம் சொல்லும் வேறொரு நிகழ்ச்சி உண்டு. நாம் பின்பற்றத் தக்கது அது.

யுத்தத்தின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வதைப்பேன், இல்லையேல் தீப்புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். ஒவ்வொரு நாழிகையும் அவன் உயிருக்கு விலை. அவ்வேளையில் தேர்க்குதிரைகள் அம்புகள் தைத்து, தாகத்தால் களைத்துத் தளர்கின்றன. அர்ஜுனன் தேரை விட்டுத் தரையில் இறங்கி, பகைவர் நடுவே நின்று போர் புரிகிறான். காண்டீபத்தால் நிலத்தைப் பிளந்து ஒரு நீர்நிலையை உண்டாக்குகிறான். அம்புகளாலேயே மறைவிடம் அமைக்கிறான். கண்ணன் குதிரைகளை நுகத்திலிருந்து அவிழ்த்து, தைத்த அம்புகளைத் தன் திருக்கைகளால் பிடுங்கி, உடம்பைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நீர் காட்டி, இளைப்பாற்றிய பின்பே மீண்டும் பூட்டுகிறான். எதிரிச் சேனை வியந்து நிற்கிறது.

காண்டவத்தில் அக்நிக்குத் துணையாக நின்ற அதே காண்டீபம் இங்கே குதிரைகளுக்கு ஊற்றைத் திறந்தது. ‘நேரமில்லை’ என்று சொல்ல அர்ஜுனனுக்கு இருந்த காரணம் நம்மில் எவருக்கும் இல்லை. ‘மடி கெடும்’ என்று சொல்ல எண்ணுகிறவர், குதிரையின் குருதியும் வியர்வையும் படிந்த அந்தத் திருக்கைகளை நினைத்துப் பார்க்கவேண்டும். பார்த்தஸாரதி என்று நாம் போற்றும் திருநாமம், குதிரைக்குத் தண்ணீர் காட்டிய பெருமானின் திருநாமம் என்பதை மறத்தலாகாது.

நம் முன்னோர் மறக்கவில்லை. வைச்வதேவம் செய்யும் இல்லத்தான் நாய்க்கும் காகத்திற்கும் புழுபூச்சிகளுக்கும் அன்னம் வைக்க விதிக்கப்பட்டிருக்கிறான். முப்பத்திரண்டு அறங்களைச் சொல்லும்போது தண்ணீர்ப் பந்தலோடு, விலங்கிற்கு உணவு, பசுவுக்கு வாயுறை, ஆவுரிஞ்சு தறி என்பவற்றையும் சேர்த்தே சொன்னார்கள். நம் காலத்துச் சட்டமும் இதை உணர்ந்தே இருக்கிறது. வெப்பம் 37 டிகிரியைக் கடக்கும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் பிராணிகளிடம் வேலை வாங்கலாகாது என்பது 1965 ஆம் ஆண்டு விதி. அறிந்தவர் சிலர், அனுஷ்டிப்பவர் அவரினும் சிலர்.

யாத்ரிகர்கள் செய்யக் கூடியவை எளியவை. வீட்டு வாசலிலும் மாடியிலும் நிழலான இடத்தில் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். குருவியும் அணிலும் தேனீயும் விழுந்து மூழ்காதபடி அதில் ஓரிரு கற்களைப் போடுங்கள். நாள்தோறும் கழுவி நிரப்புங்கள். ஆடுமாடுகளை வெயிலில் கட்டாதீர்கள். நிழல் நகர்வதைப் பார்த்துக் கட்டுமிடத்தை மாற்றுங்கள். கதவடைத்த காரினுள் எந்தப் பிராணியையும் விட்டுவிட்டு ஸேவைக்கு வராதீர்கள்; வெயிலில் நிற்கும் கார் சில நிமிஷங்களில் அடுப்பாகிவிடும். மயங்கி விழுந்த பிராணியைக் கண்டால் நிழலுக்குக் கொணர்ந்து, உடம்பின்மீது குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள். உணர்வற்றதன் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். அது மூச்சுக்குழலில் புகுந்து உயிரைப் போக்கும். இவ்வளவும் செய்தபின், ஒரு மரக்கன்றையும் நட்டு வளர்ப்பீர்களாயின், பத்தாண்டுகளுக்குப் பின் வரும் கோடைக்கும் நீங்கள் தர்மம் செய்தவராவீர்கள்.

சித்ரா பௌர்ணமியை ஒட்டித் திருமாலிருஞ்சோலை அழகர் மலையிலிருந்து இறங்கி, எரிக்கும் வெயிலில் மதுரை நோக்கி எழுந்தருளுகிறார். எதற்காக? துர்வாஸரின் சாபத்தால் தவளையாகி வைகைக் கரையில் காத்திருந்த ஸுதபஸ் மஹர்ஷிக்கு விமோசனம் அளிக்கவே என்பது ஸ்தல புராணம். தவளை தோலாலும் மூச்சு விடும் பிராணி; தோல் உலர்ந்தால் அதன் உயிர் நில்லாது. வறண்ட கோடையில் ஆற்றங்கரைத் தவளை ஒன்றின் பொருட்டு எம்பெருமான் மலையிறங்கி வருகிறான். அவன் அடியார் என்று சொல்லிக்கொள்ளும் நாம் வாசற்படி இறங்கி வரலாகாதா?

அன்று அந்த நாய் படுத்திருந்த கல் தூம்பின் கீழே இப்போது ஒரு கல்தொட்டி இருக்கிறது. காலைத் திருவாராதனத்திற்கு முன்பு அதைக் கழுவி நிரப்பிவிட்டு நீராடுவதை அடியேன் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். இதனால் பழைய பிழை தீர்ந்தது என்று சொல்லவில்லை. தீர்த்தக் குடம் சுமந்து அவ்வழியே வரும்போது, நீர் குடித்துக்கொண்டிருக்கும் ஜீவன் எழுந்திருக்கும் வரை சற்று ஒதுங்கி நிற்கிறேன். பெருமாள் அதற்குள் அவஸரப்படுவதாக இதுவரை தெரியவில்லை.