முழுநிலாவும் நம் தீர்ப்பும்

பிறை பதினான்கில் நிலாவைப் பார்ப்பவர்கள், "போன மாதத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே!" என்று சொல்வதுண்டு. மெய்யா, மயக்கமா? மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, தூரம். சந்திரனின் பாதை சரியான வட்டமன்று. ஒரு முழுநிலா சுமார் 3,57,000 கிலோமீட்டர் வரை நெருங்கி வரும்; இன்னொன்று 4,06,000 வரை விலகி நிற்கும். நெருங்கியது விலகியதைவிடச் சுமார் 14 சதவிகிதம் அகலமாகத் தெரியும்.

இரண்டு, இடம். முழுநிலா சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்பது. சூரியன் வடக்கே செல்லும் ஜூனில் நிலா தெற்கே சாயும். டிசம்பர், ஜனவரியில் நம் உச்சிக்கு ஏறும். பிறைக் கணக்கின் ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே 2016 ஜூனில் வந்த ரமளானின் பதினான்காம் பிறை நள்ளிரவில் தெற்கே சாய்ந்து நின்றது. 2030 ஜனவரி ரமளானில் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும்.

மூன்று, நம் கண். தென்னந்தோப்புக்கு மேல் பெருந்தட்டாய் உதித்த நிலா, உச்சிக்கு வந்ததும் சிறுத்தாற்போல் தோன்றும். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். இரு வேளையும் அதே விரல்நுனி போதும். 965இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள், தூரத்தை மனம் தவறாக மதிப்பதால் வரும் மயக்கம் இது என்று தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கினார்கள்.

இம்மூன்றிலும் நிலாவின் உருவம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

சகோதர சகோதரிகளே! மனிதர்களைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பை எண்ணிப் பாருங்கள். மருமகள் மாறிவிட்டாள் என்கிறார் மாமி. தம்பி முன்போல் இல்லை என்கிறார் காக்கா. தம்பி பிழைப்புக்காக விலகியிருப்பது தூரமாக இருக்கலாம். மருமகளை நோயோ கவலையோ தாழ்த்தி நிறுத்தியிருக்கலாம். அல்லது, குறை நம் பார்வையிலேயே இருக்கலாம்.

மனிதன் மாறுவதே இல்லையா என்று கேட்பீர்கள். மாறுவான், நல்லதற்கும் மாறுவான், கெட்டதற்கும் மாறுவான். ஆனால் இந்த மூன்றையும் சோதிக்காமல் "மாறிவிட்டான்" என்று நாலு பேரிடம் சொல்வது புறம் பேசுவதாகும். சொன்னது பொய்யானால் அவதூறாகும். உறவு முறிவதும் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில்தான்.

நாவு அசையுமுன் கண்ணைச் சோதிப்போம். தவறான எண்ணத்திலிருந்து அல்லாஹ் நம் உள்ளங்களைக் காப்பானாக! ஆமீன்.